‘ஏதாவது வேணும்னா சொல்லுங்க’ என்றவர்களிடம் சொல்லிப் பார்த்தேன்

வீட்டில் வயதானவர் ஒருவர் திடீரென்று படுக்கையில் விழுந்துவிட்டால், எந்த டாக்டரிடம் போகலாம், என்ன கஞ்சி காய்ச்சிக் கொடுக்கலாம் என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த நாட்களில் சுற்றியிருக்கிற மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்கள், அவர்களிடம் எதை எப்படிக் கேட்பது என்று சொல்லித்தர மட்டும் ஆள் இல்லை. போன வருடம் அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது இரண்டு மாதத்துக்கு மேல் நான் ஒருத்தியாகவே ஓடினேன். கையில் இருந்த காசு போனது, சம்பளம் போனது, தூக்கம் போனது. அதையெல்லாம் விட என்னை வாட்டியது மனிதர்கள் மேல் வந்த கசப்புதான். இத்தனை சொந்தபந்தம் இருந்தும் ஒருத்தர்கூட இல்லையே என்று கண்டி பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதிருக்கிறேன். அவர்கள் வராததற்குக் காரணம் அன்பில்லாமை அல்ல என்று தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆனது. அதே நிலைமையில் இன்னொருத்தி தனியாக நிற்கக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். அம்மா நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் இருக்கிறார். அப்பா இல்லை. அண்ணன் கொழும்பில் சாப்பாட்டுக் கடையொன்றில் வேலை, தங்கச்சி குவைத்தில். நான் ஹட்டன் டவுனில் ஒரு துணிக்கடையில் நிற்கிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவிடம் போவேன். இலங்கை மலையகத்தில் நிறைய வீடுகள் இன்றைக்கு இப்படித்தான் இருக்கின்றன. பிள்ளைகள் நாலா பக்கமும், வயதானவர்கள் லயத்தில். அம்மா விழுந்ததும் ஒரு ஞாயிறுதான். மழை பெய்து ஓய்ந்திருந்தது. பின்பக்கம் தண்ணிக் குழாய்க்கு இறங்குகிற படியில் பாசி. சத்தம் கேட்டு ஓடினால் அம்மா பக்கவாட்டில் கிடக்கிறார், வலது கால் குட்டையாகத் தெரிகிறது, பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பியிருக்கிறது. வயதானவர் விழுந்து கால் அப்படித் தெரிந்தால் இடுப்புக்குக் கீழே தொடையெலும்பு முறிந்திருக்க வாய்ப்பு அதிகம். எழுப்பி நிற்க வைக்கக் கூடாது, இழுக்கக் கூடாது, எண்ணெய் போட்டு நீவக் கூடாது. 1990 என்ற எண்ணுக்கு போன் அடித்தால் ஆம்புலன்ஸ் வரும், காசு வாங்க மாட்டார்கள். லயத்து வாசல்வரை பாதை இல்லை என்றால் எந்த இடத்தில் வந்து நிற்க வேண்டும் என்பதையும் அந்த அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

அம்மா விழுந்த கொஞ்ச நேரத்திலேயே லயமே எங்கள் இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) நின்றது. ஒருவர் எண்ணெய் தடவச் சொன்னார், ஒருவர் நாட்டு வைத்தியரிடம் கட்டுப் போட்டுவிடலாம் என்றார், இன்னொருவர் முதலில் தூக்கி உட்கார வையுங்கள் என்றார். பத்து இருபது பேர் நின்றும் அம்மா அந்த ஈரப் படியிலேயே கிடந்தார். அப்போது ஓய்வுபெற்ற கங்காணித் தாத்தா ஒருவர் வந்தார். வந்தவர் ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். “நீ போயி அந்தப் பழைய கதவ எடுத்தா. நீ தலைப்பக்கம் புடி. நீ ஃபெக்டரி ரோட்டுல போயி நின்னு வண்டிய நிப்பாட்டு. பிள்ள, நீ அம்மா கைய விடாத.” அதுவரை வாயால் மட்டும் பேசிக்கொண்டு நின்றவர்கள் எல்லாரும் அடுத்த நொடியே வேலை செய்தார்கள். கதவுப் பலகையில் கிடத்தி, சேலையால் கட்டி, வழுக்குகிற பாதையில் ஒரு குலுக்கல் இல்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அந்த நேரத்தில் எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் பதில் அதிலேயே இருந்தது.

பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு அன்று ராத்திரியே கண்டிக்கு அனுப்பினார்கள். இந்த முறிவுக்கு ஆபரேஷன் எவ்வளவு சீக்கிரம் நடக்கிறதோ அவ்வளவு நல்லது என்று டாக்டர்கள் சொன்னார்கள். ஓரிரு நாளுக்குள் செய்வது நல்லதாம். படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், முதுகில் புண் வரும், காலில் இரத்தம் உறையும். அம்மாவுக்குச் சீனியும் பிரஷரும் கூடிக் கிடந்ததால் அதைக் கட்டுக்குள் கொண்டுவரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இந்தக் காத்திருக்கிற நாட்கள்தான் கொடுமை. ஒரு கால் வார்டில், ஒரு கால் வீதியில். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று இறங்கி கண்டிக்குப் போய்ச் சேர மூன்று மணி நேரம். சாயந்தரம் நோயாளி பார்க்கிற நேரம் முடிந்து கிளம்பினால் ஹட்டன் வந்து சேரும்போது தோட்டத்துக்கு பஸ் இருக்காது. கடையில் லீவு கொடுத்தார்கள், சம்பளம் இல்லாமல். என் கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போனது.

போன் நிற்கவே இல்லை. மாமா, சித்தப்பா, அம்மாவின் பழைய கூட்டாளிகள், கோயில் கமிட்டி, கொழும்பில் இருக்கிற தூரத்துச் சொந்தம் எல்லாரும் எடுத்தார்கள். எல்லாருக்கும் அம்மா எப்படி விழுந்தார் என்பதை முதலிலிருந்து சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும், “இப்படித்தான் எங்க மாமியாரும் விழுந்தாங்க, அப்புறம் எந்திரிக்கவே இல்ல” என்பார்கள். பயமுறுத்த வேண்டும் என்று அதைச் சொல்வதில்லை. அம்மாவின் செய்தி கேட்டதும் அவர்கள் வீட்டுத் துக்கம் அவர்களுக்கு ஞாபகம் வருகிறது, யாரிடமாவது அதை இறக்கி வைக்க வேண்டியிருக்கிறது. ஆனால் ஒரு நாளைக்கு அப்படி நாலு சாவுக் கதை கேட்டால் உடம்பு நடுங்கும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒவ்வொரு நாளும் ராத்திரி ஏழு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு நிமிடக் குரல் பதிவு போட்டேன். இன்றைக்கு அம்மா இப்படி இருக்கிறார், இதைச் சாப்பிட்டார், நாளைக்கு இது நடக்கப் போகிறது, இனி போன் எடுக்க முடியாது, இதே நேரத்துக்கு நாளைக்கும் சொல்கிறேன் என்று. ஒருத்தர்கூடக் கோபித்துக்கொள்ளவில்லை. அழைப்புகள் பாதிக்கு மேல் குறைந்துவிட்டன. இதை முதல் நாளே செய்யலாம்.

எல்லா அழைப்பும் ஒரே வார்த்தையில்தான் முடியும்: “ஏதாவது வேணும்னா சொல்லுங்க.” நான் சொல்லவில்லை. எனக்கு என்ன வேண்டும் என்பது அவர்களுக்கே தெரியாதா, தெரிந்தும் ஒப்புக்குக் கேட்கிறார்களா என்று மனம் வெந்தது. உடம்பு ஒருநாள் ஒரேயடியாகச் சோர்ந்து போனபோது, வேறு வழியில்லாமல் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: யாராவது ஒருத்தர் ரெண்டு நாளைக்கு வந்து ராத்திரி அம்மாவோடு இருக்க முடியுமா, பெண்கள் வார்டு, அதனால் பொம்பளை ஆளாக இருந்தால் நல்லது. அந்தக் குழுவில் அறுபது பேருக்கு மேல் இருக்கிறார்கள். படித்தவர்களின் பட்டியல் நீண்டுகொண்டே போனது. கும்பிடுகிற கைகள் வந்தன. பூ வந்தது. “கடவுள் துணை இருப்பார்” என்று வந்தது. வருகிறேன் என்று ஒருவர்கூட எழுதவில்லை. அன்று ராத்திரி வார்டு வாசல் வாங்கில் உட்கார்ந்து அந்தக் குழுவை விட்டு வெளியேறிவிடலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் காய்ச்சல். நிற்க முடியவில்லை. பெரியப்பாவின் பேத்தி ஒருத்தி பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அவளுக்கு நேரடியாகப் போன் எடுத்து, “மகள், இன்னைக்கும் நாளைக்கும் ராத்திரி ஆறு மணியிலேருந்து காலையில ஆறு மணி வரைக்கும் அம்மாகிட்ட இருக்க முடியுமா” என்று கேட்டேன். “அஞ்சரைக்கே வந்துர்றேன் சித்தி” என்றாள், யோசிக்கவே இல்லை. வந்தவளிடம், குழுவில் நான் போட்டதைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். “பாத்தேன் சித்தி. அவ்வளவு பேர் இருக்காங்கதானே, ஹட்டன்லேருந்து யாராவது பெரியவங்க வருவாங்கன்னு நெனச்சேன். நான் சின்னவ, நான் முந்திக்கிட்டு எழுதினா நல்லா இருக்காதோன்னு விட்டுட்டேன்.” பொய் இல்லை, அவள் முகத்தில் தெரிந்தது. நாலைந்து மைல் தூரத்தில் இருந்த பிள்ளை, வரத் தயாராக இருந்த பிள்ளை, அந்த அறுபது பேருக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு வேறு யாரோ வருவார்கள் என்று காத்திருந்திருக்கிறாள். ஆக, அறுபது பேரும் அப்படித்தான் காத்திருந்திருக்கிறார்கள்.

அவள்தான் அன்றைக்கு எனக்கு ஒரு ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னாள். 1968இல் அமெரிக்காவில் ஜோன் டார்லி, பிப் லடானே என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்தது. மாணவர்களைத் தனித்தனி அறையில் உட்கார வைத்து இன்டர்காம் வழியாகப் பேச விடுகிறார்கள். நடுவில் ஒருவருக்கு வலிப்பு வந்தது போலச் சத்தம் கேட்கிறது. அது உண்மையில் முன்பே பதிவு செய்து வைத்தது. கேட்டுக்கொண்டிருப்பது தான் ஒருவன் மட்டும் என்று நினைத்தவர்களில் 85 வீதமானவர்கள் அந்தச் சத்தம் ஓய்வதற்குள் எழுந்துபோய் உதவி கேட்டார்கள். தன்னோடு இன்னும் நாலு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 வீதம்தான். எழுந்து போகாதவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. அவர்களுக்கும் கை நடுங்கியது, வியர்த்தது, அந்த ஆள் எப்படி இருக்கிறார் என்று கேட்டார்கள். பொறுப்பு ஐந்து பேருக்குப் பிரிந்து போய்விட்டது, அவ்வளவுதான். இதைக் கேட்டபோது எனக்கு எங்கள் இஸ்தோப்பும் கங்காணித் தாத்தாவும்தான் ஞாபகம் வந்தார்கள். தோட்டத்தில் காலமெல்லாம் ஆள் வைத்து வேலை வாங்கியவர். கூட்டத்தைப் பார்த்துச் சொன்னால் ஒருத்தரும் அசைய மாட்டார்கள், ஒருத்தரைப் பார்த்துச் சொன்னால் அவர் அசைவார் என்பது அவருக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது.

இன்னொன்றும் சொன்னாள். பிரான்சிஸ் ஃபிளின், வனெசா லேக் என்ற இருவர் 2008இல் வெளியிட்டது. முன்பின் தெரியாதவர்களிடம் சின்ன உதவி கேட்க ஆட்களை அனுப்பியிருக்கிறார்கள். படிவம் நிரப்பித் தரச் சொல்வது, கைப்பேசியை ஒரு நிமிடம் கேட்பது, இந்த மாதிரி. போவதற்கு முன் எத்தனை பேரிடம் கேட்க வேண்டியிருக்கும் என்று அவர்களையே சொல்லச் சொன்னார்கள். சொன்ன கணக்கில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் கேட்டதுமே வேலை முடிந்துவிட்டது. அதாவது மனிதர்கள் மாட்டேன் என்று சொல்வார்கள் என்று நாம் நினைக்கிற அளவுக்கு அவர்கள் சொல்வதில்லை. நேருக்கு நேர் கேட்கும்போது மறுப்பது அவர்களுக்கும் கஷ்டம். கேட்கிற நமக்கு நம் கூச்சம் மட்டும்தான் தெரிகிறது, அவர்கள் பக்கம் இருக்கிற அந்தக் கஷ்டம் தெரிவதில்லை.

அன்றிலிருந்து நான் கேட்கத் தொடங்கினேன், ஒருவரிடம் ஒன்று என்று. எப்படிக் கேட்பது என்பதை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்குக் கைகொடுத்தது இதுதான். முதலில் ஒரு கொப்பியில் எல்லா வேலையையும் எழுதினேன். அம்மாவின் துணி துவைப்பது, லயத்து வீட்டைப் பூட்டிப் பார்த்துக்கொள்வது, கோழிக்குத் தீனி, மின்சார பில், வெளியே ஃபார்மசியில் மருந்து வாங்குவது, ராத்திரி துணை என்று. எழுதிய பிறகுதான் நான் செய்தே ஆக வேண்டியது கொஞ்சம், யார் வேண்டுமானாலும் செய்யக்கூடியது நிறைய என்று தெரிந்தது. அப்புறம் அடுத்த முறை ‘ஏதாவது வேணும்னா சொல்லுங்க’ என்ற மாமாவிடம், “ஆமா மாமா, வேணும். வியாழக்கிழமை பகல் ஒரு மணிக்கு ஃபார்மசிக்குப் போயி இந்தத் துண்டுல இருக்க மருந்த வாங்கிக் கொண்டாந்து வார்டுல குடுக்கணும், படம் அனுப்புறேன்” என்றேன். அவர் குரலில் ஒரு தெம்பு வந்தது. மருந்தும் வந்தது. உதவி செய்ய ஆசைப்படுகிறவருக்கு எதைச் செய்வது என்று தெரியாதபோது அவர் பேசாமல் ஒதுங்கிவிடுகிறார். நாள், நேரம், இடம், எப்போது முடியும் என்ற நாலையும் சொல்லிவிட்டால் அவருக்கு ஆமா சொல்வது இலேசாகிவிடுகிறது. எப்போது முடியும் என்பதை மறக்க வேண்டாம். முடிவு தெரியாத வேலைக்குத்தான் மனிதர்கள் பயப்படுகிறார்கள்.

முடியாது என்பவருக்கும் வழி விட்டுக் கேளுங்கள். அது ரொம்ப முக்கியம். அம்மா வீட்டுக்கு வந்த பிறகு, பக்கத்துக் காம்பராவில் இருக்கிற அக்காவிடம் பகலில் வந்து இருங்கள் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. அவர் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகாவிட்டால் அன்றைக்குப் பேர் விழாது, சம்பளமும் இல்லை. அப்போது நாட்சம்பளம் 1,350 ரூபாய். என் அம்மாவுக்காக அவர் வீட்டு அடுப்பு அணையக்கூடாது. அதனால் மலையில் வேலை முடிந்து வந்த பிறகு அரை மணி நேரம், போயா (பௌர்ணமி) விடுமுறை நாளில் ஒரு காலை, இப்படிக் கேட்டேன். அந்த அரை மணி நேரத்தில் நான் குளித்துவிட்டு வருவேன். யாரிடம் என்ன இருக்கிறது, நேரமா காசா உடம்புத் தெம்பா, என்று பார்த்து அதைக் கேட்டால் உறவும் கெடாது. கொழும்பில் இருக்கிற அண்ணனுக்கு வந்து நிற்க முடியாது, ஆனால் அவர்தான் கிளினிக் நாட்களையும் மருந்துக் கணக்கையும் போனில் வைத்துக்கொண்டு எனக்கு நினைவுபடுத்தினார்.

வார்டில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது இன்னொன்று. சொந்தக்காரர்களைவிட முன்பின் தெரியாதவர்கள் சட்டென்று உதவினார்கள். பக்கத்துக் கட்டிலில் மாத்தளைப் பக்கத்துச் சிங்கள அம்மா ஒருவர். அம்மாவுக்குச் சிங்களம் வராது. நான் இல்லாத நேரத்தில் வலித்தால்கூட நர்ஸ் மிஸ்ஸைக் கூப்பிடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். நான் அந்த அம்மாவிடம் எனக்குத் தெரிந்த சிங்களத்தில், “எங்க அம்மா முகத்தைச் சுளித்தால் மிஸ்ஸிடம் சொல்லுங்கள்” என்று கேட்டேன். அதோடு ஒரு அட்டையில் வலி, தண்ணீர், சிறுநீர், குளிர் என்று நாலு படம் வரைந்து கீழே இரண்டு மொழியிலும் எழுதி லொக்கரில் ஒட்டினேன். அம்மா விரலால் தொட்டால் போதும். அந்த அம்மா தன் மகள் கொண்டுவந்த சோற்றில்கூட ஒரு பங்கு எடுத்து வைத்தார். அவர் முன்னால் எங்கள் கஷ்டம் கண்ணுக்குத் தெரிகிறது, அந்த இடத்தில் வேறு ஆளும் இல்லை. எங்கள் சொந்தத்துக்கு அது போனில் கேட்கிற செய்தி மட்டும்தான். தனியாக ஆஸ்பத்திரியில் நிற்கிறவர்கள் முதல் நாளே பக்கத்துக் கட்டில்காரர்களிடம் பேசி வையுங்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வேன் பிடித்து லயத்துக்குக் கூட்டி வந்தோம். வேனுக்கு 18,000 ரூபாய். வந்த முதல் வாரம் வீடு நிறைய ஆட்கள். மேரி பிஸ்கட், ஹோர்லிக்ஸ், ஆப்பிள், முந்திரிப்பழம். சீனி வருத்தக்காரிக்கு இதில் பாதி ஆகாது. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றியே எனக்கு நாள் போனது. உண்மையில் தேவைப்பட்டது பெரியவர்களுக்கான பம்பர்ஸ், பத்து கொண்ட ஒரு பக்கெட்டே 2,000 ரூபாய்க்குப் பக்கத்தில். என்ன வாங்கிக்கொண்டு வரட்டும் என்று கேட்டவர்களிடம் பிறகு வெட்கப்படாமல் அதையே சொன்னேன். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை, தெரிந்திருந்தால் முதலிலேயே வாங்கியிருப்போமே என்றார்கள். 7,500 ரூபாய் கொடுத்து டவுனில் ஒரு கொமட் கதிரை வாங்கினேன். வாங்கிய பிறகு மேல் லயத்தில் ஒரு அண்ணன், “எங்க அப்பாவுக்கு வாங்கினது பரண்ல கெடக்குதே பிள்ள” என்றார். நடக்கிற வோக்கர் அவரிடமிருந்துதான் கிடைத்தது. கொடுக்கும்போது அவருக்குக் கண் கலங்கியது. இந்த மாதிரிச் சாமான்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் நாலைந்து வீட்டுப் பரணில் கிடக்கின்றன. இறந்தவருடைய பொருளைக் கொடுத்தால் தவறாக நினைப்பார்களோ என்று வைத்திருப்பவர்கள் வாய் திறப்பதில்லை. கடைக்குப் போகும் முன் கேளுங்கள்.

இரண்டாவது வாரம் வீடு காலியாகிவிட்டது. உண்மையான வேலை அப்போதுதான் தொடங்குகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் விழும். எழுப்பி உட்கார வைக்க வேண்டும், வோக்கரைப் பிடித்து நாலு எட்டு நடக்க வைக்க வேண்டும். நான் கடைக்குப் போகாவிட்டால் வேலை போய்விடும் என்ற நிலை. அதனால் ஆள் அனுப்புகிற ஒரு இடத்தில் பதிவுக் கட்டணம் என்று 15,000 ரூபாய் கட்டி, அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை எடுத்தேன். குளிரும் அட்டைக் கடியும் தாங்காது என்று அவர் மறுநாளே போய்விட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, அவருக்கு இந்த இடத்தைப் பற்றி யாரும் சொல்லியே அனுப்பவில்லை. காசு வாங்கியவர்கள் வேறு ஆள் அனுப்புகிறோம் என்றார்கள், பிறகு போனே எடுக்கவில்லை. ஆள் எடுப்பதாக இருந்தால் நாட்கூலியாகக் கொடுங்கள், முற்பணம் கேட்டால் ஆள் நின்றுபோனால் எத்தனை நாளில் காசு திரும்பும் என்பதைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள், வருகிறவரிடம் தோட்டத்து நிலைமையை நீங்களே போனில் பேசிவிடுங்கள்.

அந்த வாரத்தில்தான் எங்கள் லயத்தில் ஒரு சாவு. தாத்தா ஒருவர். செய்தி வந்த கொஞ்ச நேரத்தில் ஒருவர் கூடாரச் சாமான் கொண்டுவரப் போகிறார், ஒருவர் கதிரை அடுக்குகிறார், பொம்பளைகள் தேத்தண்ணிக்குப் பெரிய கேத்தலை வைக்கிறார்கள், இளைஞர்கள் குழி வெட்டக் கிளம்புகிறார்கள், மரண உதவிச் சங்கத்திலிருந்து காசு வீட்டுக்காரர் கைக்கு வருகிறது. யாரும் யாரையும் கேட்கவில்லை. நான் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அதே மனிதர்கள்தான். கேத வீட்டில் இவ்வளவு ஓடுகிறவர்கள் எங்கள் வீட்டில் வந்து பிஸ்கட் பெட்டியை வைத்துவிட்டு என்ன செய்வது என்று தெரியாமல் எழுந்து போனார்கள். சாவுக்கு ஒரு முறை இருக்கிறது, யார் எதைச் செய்ய வேண்டும் என்பது தலைமுறையாகத் தீர்மானமாகிவிட்டது. மூன்று நாளிலோ பதினாறு நாளிலோ அது முடிந்தும் விடும். நோய்க்கு அப்படி ஒரு முறை இல்லை. பேர் எழுதப்படாத வேலையாகவே கிடக்கிறது, எப்போது முடியும் என்றும் தெரியாது. எங்கள் மனிதர்கள் மேல் இருந்த கசப்பு எனக்கு அன்றைக்குத்தான் போனது.

மறுநாள் சங்கத்துத் தலைவரிடமே போனேன். எனக்குக் காசு வேண்டாம் அண்ணே, சாவுக்கு முறை போடுகிற மாதிரி எங்கள் அம்மாவுக்கு இரண்டு கிழமைக்கு முறை போட்டுத் தாருங்கள் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார், இப்படி யாரும் கேட்டதில்லை என்றார். பிறகு கொப்பியை எடுத்து ஒரு வீட்டுக்கு ஒரு நேரம் என்று எழுதினார். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பாட்டிமார் பகலில், பள்ளிக்கூடம் விட்டு வருகிற பெண் பிள்ளைகள் சாயந்தரத்தில். ஒரு வீடு மட்டும் தவறியது, அவர்களும் முன்பே சொல்லிவிட்டார்கள். நான் கடைக்குப் போனேன். பாட்டிமார் வந்தால் அம்மா பழைய கதை பேசிக்கொண்டே, நான் கெஞ்சினாலும் நடக்காதவர், இஸ்தோப்பு வரைக்கும் நடந்தார்.

கடைசியாக, வராதவர்களைப் பற்றி ஒன்று. அம்மாவோடு முப்பது வருடம் ஒரே மலையில் கொழுந்தெடுத்த அத்தை ஒருவர். பார்க்கவே வரவில்லை. ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் என்னைக் கண்டதும் வேறு பக்கம் திரும்பினார். இப்படித் திரும்புகிறவர்களை நாமும் விட்டுவிடுகிறோம், அந்த உறவு அதோடு போய்விடுகிறது. நான் போய்க் கையைப் பிடித்தேன். “முதல் கிழமையே வரணும்னு நெனச்சேன் பிள்ள, கையில ஒண்ணுமில்லாம எப்புடி வாரதுன்னு நின்னுட்டேன். நாள் போயிருச்சு, அப்புறம் எந்த மொகத்த வச்சிக்கிட்டு வாரது” என்றார். ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. அடுத்த மாதம் கிளினிக் இருக்கிறது, அம்மாவைப் பிடித்து பஸ்ஸில் ஏற்ற ஒரு ஆள் வேண்டும், காலையில் ஐந்து மணிக்குக் கிளம்பினால் சாயந்தரம் வந்துவிடலாம், வருவீர்களா அத்தை என்று மட்டும் கேட்டேன். வந்தார். இப்போது கிளினிக் துண்டை வாங்கித் திகதியைப் பார்ப்பது அவர்தான், அம்மாவுக்குப் புளிச்சோறு கட்டுவதும் அவர்தான்.